மன்னிக்கவும்... இனி இப்படி நடக்காது!

1

பிணம் தும்மியது.

"ஐயோ... யாத்தே..!"

டீத்தூக்கைக் கீழே போட்டுவிட்டு முப்பிடாதியம்மாள் அலறிய அலறலில், தகரக் கூரைமேல் கொட்டிக்கொண்டிருந்த மழைகூட ஒரு விநாடி நின்று கேட்டது.

தாராவி. பெரியநாயகம் தோல் பைக் கம்பெனி. 1964, ஜூலை மாதத்துப் புதன்கிழமை. பகல் ஒன்று நாற்பது.

ஆபீஸ் அறை வாசலில் வாட்ச்மேன் பிரம்மநாயகம் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் ஓர் உருட்டுக்கட்டை. பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். மூக்கடியில் கொட்டிக் கிடந்த தோல் தூள்தான் தும்மலுக்குக் காரணம்.

"அண்ணே... சாகலியா நீங்க?"

"தெரியலியே, தாயீ! எவனோ பின்னால வந்து அடிச்சான். நீயே பாத்துச் சொல்லேன்."

முப்பிடாதியம்மாள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

இரும்பு அலமாரி வாயைப் பிளந்து நின்றது!

"அண்ணாச்சீ..!"

மாடியில் கண்ணயர்ந்திருந்த முதலாளி பெரியநாயகம், வேட்டியை ஒரு கையிலும் உயிரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அலமாரிக்குள் கையை விட்டார். துழாவினார். வெறுங்கை வெளியே வந்தது.

"போச்சு! அச்சு போச்சு!"

அச்சு என்றால்... தீப்பெட்டி அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டு. அதில் ஓர் அன்னப்பறவை. கம்பெனி முத்திரை. அன்னம் பதியாத பையை, ஏற்றுமதிக்கு வாங்கும் கப்பல்காரர்கள் கையாலும் தொட மாட்டார்கள். அன்னம் பதிந்தால் கோணிப்பையைக்கூட வாங்கிக்கொள்வார்கள்!

"கேட்ட பூட்டுலே!"

"பூட்டித்தான் இருக்கு, அண்ணாச்சி. சாவி எம் மடியில இருக்கு" என்றான் பிரம்மநாயகம்.

சாப்பாட்டு நேரம். கேட் உள்பக்கம் பூட்டியது பூட்டியபடி. பெண்கள் பதினோரு பேரும் பின்கட்டில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; ஒருத்திக்கு இன்னொருத்தி சாட்சி. மற்ற ஆண்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

உள்ளே இருந்த ஆண்கள் நாலே பேர்.

அடிபட்ட பிரம்மநாயகம். தோல் வெட்டும் நயினார். சாயம் போடும் ஜெயினுலாப்தீன். குமாஸ்தா வானமாமலை.

"நாலு பேரும் லைன்ல நில்லுங்க! மடி, பாக்கெட்டு, தூக்குச்சட்டி... எல்லாத்தையும் காட்டுங்க!"

காட்டினார்கள். சாயத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். தோல் மூட்டைகளைப் பிரித்தார்கள். நயினாரின் சோற்றுச் சட்டியில் ஒரு மீன் முள் கிடைத்தது.

அச்சு..?

கிடைக்கவில்லை!

"மணி அஞ்சு வரைக்கும் பாப்பேன்" என்று பல்லைக் கடித்தார் பெரியநாயகம். "அதுக்குள்ள வரலன்னா போலீஸ்!"

நயினாரின் முகம் வெளுத்தது.

பின்கட்டு வாசலில் நின்ற சண்முகவடிவின் முகம் அதைவிட வெளுத்தது.

பைக்கு உள்துணி தைக்கிறவள். ஊசி விழுந்தால் கேட்கும். அவள் பேசினால் கேட்காது. அவ்வளவு கூச்சம்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை... நயினார்!

2

"பதட்டப்படாதேயும், பெரியநாயகம்!"

குரல் கொடுத்தவர் வேங்கடசுப்ரமணியன். பக்கத்து மாதுங்கா வாசி. முப்பத்தோரு வருஷம் பெரிய ஆபீஸ் ஒன்றில் சூப்பரின்டென்ட்டாக இருந்து, மற்றவர்கள் எழுதிய லீவு லெட்டர்களைப் படித்துப் படித்தே ரிட்டயர் ஆனவர். புதன்கிழமை தோறும் மூன்று மணிக்கு வந்து, கம்பெனிக்கு வந்த இங்கிலீஷ் கடிதங்களைப் பெரியநாயகத்துக்குப் படித்துச் சொல்வார்; குமாஸ்தா படித்ததை இவரும் ஒரு தடவை படித்தால்தான் முதலாளிக்குத் திருப்தி. காபி குடிப்பார். போவார்.

இன்று காபி வரவில்லை. கேஸ் வந்திருந்தது!

"பொய்யை நான் வாசனையிலேயே கண்டுபிடிச்சுடுவேன், ஓய். ஒருத்தன் 'வயித்து வலி'ன்னு எழுதினா, அது மேட்னி ஷோவா, மாமனார் வருகையான்னு சொல்லிடுவேன்!"

"அப்ப இதையும் சொல்லுங்க சாமி! மொத்த ஆர்டரும் போயிரும்!"

குமாஸ்தா வானமாமலை தொண்டையைக் கனைத்தான். வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் பேனா. கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள்.

"சார்... எனக்கு ஒரு ஐடியா. நாங்க நாலு பேரும் நடந்ததை எழுதிக் குடுத்துடறோம். இங்கிலீஷ்ல. லீவு லெட்டர் எல்லாரும் இங்கிலீஷ்லதானே எழுதறோம்!"

"இங்கிலீஷ்லயா?" என்று விழித்தார் பெரியநாயகம்.

வேங்கடசுப்ரமணியன் துள்ளி எழுந்தார்.

"பேஷ்! நானே அதைத்தான் சொல்ல வந்தேன்! தாய்பாஷையில பொய் சொல்றது சுலபம், ஓய். பொறந்ததுலேர்ந்து பழக்கம். ரெண்டாவது பாஷையில வார்த்தை தேடறதுக்கே மூச்சு முட்டும். இதுல பொய்யை வேற எங்கேர்ந்து தேடறது? உண்மை தானா வழுக்கி விழுந்துடும்!"

"கிடைச்சா சரி. எந்தப் பாஷையில கிடைச்சா என்ன!"

நாலு காகிதம். நாலு பென்சில்.

"மிஷின்ல அடிச்சுக் குடுத்திருப்பேன், சார்" என்று வருத்தத்தோடு சொன்னான் வானமாமலை. "காலையிலேர்ந்து டைப் மிஷின் ரிப்பேர். சாயங்காலம் மாஹிம்ல ஒரு மெக்கானிக்குக்கு அனுப்பணும். கைவண்டிக்குச் சொல்லியாச்சு."

மூலை மேஜையில் டைப்ரைட்டர் உறை போட்டு மூடியிருந்தது. கயிறு கட்டி, முடிச்சும் போட்டாயிற்று.

எழுத ஆரம்பித்தார்கள்.

வானமாமலையின் கை காகிதத்தில் பந்தயக் குதிரை போல் ஓடியது.

மற்ற மூவர் பாடு..?

நயினார் ஒரு வார்த்தை எழுதினான். அடித்தான். நெற்றியைத் துடைத்தான். அதே வார்த்தையை மறுபடி எழுதினான். ஜெயினுலாப்தீன் பென்சிலைக் கடித்தே பாதியாக்கிவிட்டான். பிரம்மநாயகம் வீக்கத்தைத் தடவித் தடவி எழுதினான்.

மூவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். முடிக்கும்போது, டீ அடுப்புக்கு மேலிருந்த சுவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதை வேங்கடசுப்ரமணியன் கவனிக்கவில்லை.

சண்முகவடிவு கவனித்தாள்!

3

"முதல் பேப்பர்... நயினார்!"

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைத் துடைத்தார். படித்தார். மறுபடியும் துடைத்தார். மறுபடியும் படித்தார்.

"கேஸ் முடிஞ்சுது, ஓய்!"

"என்னது?"

"தமிழ்ல சொல்றேன், கேளும். 'மதிப்பிற்குரிய ஐயா. ஒரு மணிக்குத் தோல் வெட்டினேன். பிறகு சாப்பிட்டேன். மீன். சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது!'"

பெரியநாயகத்தின் கண்கள் பிதுங்கின.

"இனி நடக்காதா! அப்ப... இப்ப நடந்தது?"

"இவனால நடந்தது! கையெழுத்தும் போட்டுட்டான்!"

"ஐயோ அண்ணாச்சி!" நயினார் அலறினான். "நான் அப்படியா எழுதியிருக்கேன்?"

"நீதானேடா எழுதினே?"

"எழுதினேன் சாமி. ஆனா, கடைசி வரிக்கு அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாது! லெட்டர்னா அடியில அது வரும்லா... கையெழுத்து மாதிரி!"

"கேட்டீரா? அர்த்தம் தெரியாம எழுதினானாம்! முப்பத்தோரு வருஷத்துல இந்த மாதிரி சாக்கு நான் கேட்டதே இல்லை. அதோட பாரும்... ஒன்பது இடத்துல அடித்தல்! உண்மை பேசறவன் எதுக்கு அடிக்கணும்?"

பெரியநாயகம் நயினாரிடம் திரும்பினார்.

"நாளன்னிக்கு தாலி கட்டப் போறவன்லா நீ? இப்படிப் பண்ணிட்டியேலே..."

"நான் பண்ணல, அண்ணாச்சி! எங்க அம்மா மேல சத்தியமா பண்ணல!"

"அடுத்த பேப்பர்! ஜெயினுலாப்தீன்... 'எனக்குக் காய்ச்சல். நான் சாயத் தொட்டியில் இருந்தேன். ஒன்றும் பார்க்கவில்லை. மன்னிக்கவும். இனி இப்படி...'"

நிறுத்தினார்.

"'...நடக்காது!'"

"இவனுமா!"

"ஏம்ப்பா, உனக்கு ஏது காய்ச்சல்?" என்று கேட்டார் பெரியநாயகம்.

"காய்ச்சல் இல்ல அண்ணாச்சி. லெட்டர்ல மொதல்ல காய்ச்சல்தானே போடணும்?"

வேங்கடசுப்ரமணியன் மூன்றாவது பேப்பரை எடுத்தார்.

"பிரம்மநாயகம்... 'என் தலையில் பின்னாலிருந்து அடி விழுந்தது. மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது!'"



"சாமி..." பெரியநாயகம் பிரம்மநாயகத்தின் வீக்கத்தைப் பார்த்தார். "அடி வாங்குனவனும் ஒத்துக்கிட்டானா?"

"கூட்டுச் சதி, ஓய்! மூணு பேர்! நயினார் தலைவன். சந்தேகம் வராம இருக்க, இவன் தன்னைத் தானே அடிச்சுண்டிருக்கான்!"

"பின்மண்டையிலயா சாமி? எங்கை எப்படி எட்டும்?"

"அதான் பயிற்சி!"

நாலாவது பேப்பர். வானமாமலை.

படிக்கப் படிக்க வேங்கடசுப்ரமணியனின் முகத்தில் ஒளி பரவியது. காபி வராத குறையே தீர்ந்து போயிற்று.

"ஆஹா... 'இத்துயர நிகழ்ச்சியால் என் இதயம் சுக்குநூறாயிற்று. நான் என் மேஜையில் கடமையில் மூழ்கியிருந்த வேளையில்...' என்ன நடை! என்ன ஓட்டம்! ஒரு அடித்தல் உண்டா? ஒரு திருத்தல் உண்டா? இதுதான் ஓய் நேர்மை! பளிங்கு மாதிரி!"

வானமாமலை அடக்கமாகத் தலை குனிந்தான்.

"போன் பண்ணும் ஓய், போலீசுக்கு!"

பெரியநாயகம் போனை நோக்கி நடந்தார்.

நயினார் பின்கட்டு வாசலைப் பார்த்தான். அங்கே சண்முகவடிவைக் காணவில்லை.

அவள் உள்ளே வந்துகொண்டிருந்தாள்!

4

"அண்ணாச்சி..."

யாருக்கும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி!"

பெரியநாயகம் திரும்பிப் பார்த்தார். நாலு வருஷமாக வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குரல் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அவள் கையில் ஒரு கம்பி. கனத்த கம்பி. நுனியில் கொக்கி. அதன் உடம்பு முழுக்கக் காகிதங்கள்.

நாலு வருஷத்து லீவு லெட்டர்கள்!

தினமும் சாயங்காலம் அன்றைய லெட்டர்களைக் கம்பியில் குத்தி மாட்டுவது அவள் வேலை.

"போனைக் கொஞ்சம் வைங்க, அண்ணாச்சி. அந்த நாலு பேப்பரையும் நான் பாக்கலாமா?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமாம்மா?" வேங்கடசுப்ரமணியன் சிரித்தார்.

"தெரியாது சாமி."

"பின்னே என்னத்தைப் பார்ப்பே?"

"உள்துணியில பூ டிசைன் மாறிப்போனா தெரியும்லா... அது மாதிரி."

கேட்டதை வாங்கினாள். மேஜைமேல் வரிசையாகப் பரப்பினாள். நயினார், ஜெயினுலாப்தீன், பிரம்மநாயகம் மூவரின் காகிதங்களிலும் கடைசி வரியை விரலால் தொட்டாள். பிறகு கம்பியிலிருந்து லெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றின் பக்கத்தில் வைத்தாள்.

"இத பாருங்க அண்ணாச்சி. இது முப்பிடாதி அக்கா. இது தையல் பேராச்சி. இது போன மாசம் ஓடிப்போன பாலிஷ்காரர். எல்லாத்துக்கும் அடியில ஒரே வால்!"

பெரியநாயகம் குனிந்து பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வாலைத் தெரியும். நன்றாகத் தெரியும்!

"அட... இது நம்ம லீவு லெட்டர் வரில்லா! இது இல்லன்னா நான் கையெழுத்தே போட மாட்டேனே!"

"என்னது?" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

சண்முகவடிவு டீ அடுப்புக்கு மேலே கையைக் காட்டினாள்.

புகையேறிய சுவரில், புகையேறிய ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாதிரி லீவு லெட்டர். நாலு வருஷத்துக்கு முன்னால், லெட்டரெல்லாம் இங்கிலீஷில் இருந்தால் கம்பெனிக்குக் கௌரவம் என்று பெரியநாயகத்துக்குத் தோன்றியபோது ஒட்டியது. அன்றிலிருந்து கம்பெனியில் எல்லோருக்கும் அதுதான் இங்கிலீஷ். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டுமானால் ஆளாளுக்கு ஒட்டுப் போட்டுக்கொள்வார்கள்.

வேங்கடசுப்ரமணியன் மூக்கைச் சுவரில் ஒட்டிப் படித்தார்.

'மதிப்பிற்குரிய ஐயா. எனக்குக் காய்ச்சல். மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது.'

அவர் வாய் திறந்தது. மூடவில்லை.

"முதலாளி பேப்பர் கேட்டா எங்காளுங்க வாலோடதான் குடுப்பாவ, சாமி. பயம். பழக்கம். சும்மா கேட்டாலும் குடுப்பாவ" என்றாள் சண்முகவடிவு. குரல் நடுங்கியது, ஆனாலும் நிற்கவில்லை. "வால் இருக்கறது அதிசயமில்ல. இல்லாம இருக்கே... அதான் அதிசயம்!"

நாலாவது காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள்.

வானமாமலையின் அடக்கம் கொஞ்சம் கலைந்தது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா. நான் எதுக்குச் சுவத்தைப் பாத்துக் காப்பி அடிக்கணும்?"

"சுவத்துல இருக்கறத அடிச்சுக் குடுத்ததே நீங்கதான். ஒங்க லீவு லெட்டர் பதினொண்ணு இருக்கு. பதினொண்ணுலயும் வால் இருக்கு. இன்னிக்கு மட்டும்தான் வெட்டிட்டீங்க."

வானமாமலை பாக்கெட் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அர்த்தம் தெரியாதவங்க மூணு பேரும் எழுதிட்டாவ. அர்த்தம் தெரிஞ்சவருக்கு மட்டும் கை வரல!"

வானமாமலை சிரித்தான். வேங்கடசுப்ரமணியனைப் பார்த்துச் சிரித்தான்.

"சார், நீங்களே சொல்லுங்க. மன்னிப்புக் கேக்காததுக்கெல்லாம் ஜெயில்ல போடுவாங்களா?"

"அது... போட மாட்டா" என்று முனகினார் அவர்.

அதே நேரம் கேட்டுக்கு வெளியே ஒரு குரல்.

"ஏ பாபு! மிஷின் லாவ்... ஜல்தி!"

கைவண்டிக்காரன்! மிஷினைச் சீக்கிரம் கொண்டுவரச் சொன்னான்.

வானமாமலை பாய்ந்து போய் டைப்ரைட்டரைத் தூக்கினான்.

"ரிப்பேர் கடை மூடிருவான், அண்ணாச்சி. இதை மட்டும் ஏத்தி விட்டுட்டு..."

சண்முகவடிவு வழியில் நின்றாள்.

"ஒங்க லெட்டர் பதினொண்ணும் மிஷின்ல அடிச்சது. நேத்து டீ சீட்டுகூட மிஷின்ல. காலையிலேர்ந்து ரிப்பேர்ங்கீங்க. பதினோரு மணிக்கு டக்கு டக்குன்னு கேட்டுச்சே... அது யாரு, மழையா?"

"ஆமா! எங்களுக்கும் கேட்டுச்சு!" பின்கட்டிலிருந்து பத்துப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஜெயினுலாப்தீன் சாயக் கையோடு வந்து, மிஷினைப் பிடுங்கிக் கீழே வைத்து, கயிற்றை அறுத்து உறையை உருவினான். ஒரு விசையை அமுக்கினான். எழும்பவில்லை. இன்னொன்றை அமுக்கினான். எழும்பவில்லை.

"தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு, அண்ணாச்சி!"

"கவுத்துக் குலுக்குலே!"

குலுக்கினான்.

டங்...!

பித்தளை அன்னம் தரையில் உருண்டு வந்து, பெரியநாயகத்தின் கால் கட்டைவிரலில் முட்டி நின்றது!

வானமாமலை ஓடினான். கைவண்டிக்காகத் திறந்த கேட்டை நோக்கி நாலே எட்டு. அதற்குள் அவன் கால்களுக்கு நடுவே ஓர் உருட்டுக்கட்டை பறந்து வந்தது. ஈரத் தரையில் குப்புற விழுந்தான்.

கட்டையை எறிந்த பிரம்மநாயகம் கையை உதறிக்கொண்டான்.

"இப்ப எட்டுது, சாமி!"

5

"மாஹிம்ல ஒருத்தன் புதுசா பைக் கம்பெனி போடறான்" என்றான் வானமாமலை, தூணில் கட்டப்பட்டபடி. "அன்னத்தோட வந்தா பார்ட்னர் ஆக்கறேன்னான்."

"பாவி! இங்கிலீஷ்ல எழுதலாம்னு நீதானேடா சொன்னே?" வேங்கடசுப்ரமணியன் குதித்தார்.

"ஆமா சார். இவங்க மூணு பேரும் கட்டாயம் அந்த வரியைப் போடுவாங்கன்னு தெரியும். அதைப் படிச்சதும் ஒத்துக்கிட்டாங்கன்னு குதிக்க ஒரு ஆள் வேணும். புதன்கிழமைன்னா நீங்க வருவீங்க. அதுவும் தெரியும்."

வேங்கடசுப்ரமணியன் அதற்கப்புறம் குதிக்கவில்லை.

போலீஸ் வந்தது. வானமாமலை போனான். அச்சு அலமாரிக்குள் போயிற்று. அதுவரை ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்த அலமாரிச் சாவி பெரியநாயகத்தின் அரைஞாண் கயிற்றுக்குப் போயிற்று.

காபி வந்தது.

வேங்கடசுப்ரமணியன் குடிக்கவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு திணறினார்.

"இந்த மூணு பேர்கிட்டயும் நான் எழுத்து மூலமா மன்னிப்புக் கேக்கணும், ஓய். எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலை."

"கஷ்டப்படாதீங்க சாமி" என்று ஜெயினுலாப்தீன் சுவரைக் காட்டினான். "அதைப் பாத்து எழுதுங்க. காய்ச்சலை மட்டும் விட்டுருங்க!"

முப்பத்தோரு வருஷ சூப்பரின்டென்ட், டீ அடுப்பருகே நின்று காப்பி அடித்தார்.

அவர் முடிக்கும் வரை நயினார் பின்னால் காத்திருந்தான். அவனுக்கும் அதே சுவர் வேண்டியிருந்தது. எழுதி முடித்து, பெரியநாயகத்தின் முன் பவ்யமாக நீட்டினான்.

"என்னலே இது?"

"லீவு லெட்டர் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைக்கு."

பெரியநாயகம் வழக்கம்போல் அடியில் பார்த்தார். வால் இருந்தது. பேனாவைத் திறந்தார். பிறகு சந்தேகம் வந்து, காகிதத்தை வேங்கடசுப்ரமணியனிடம் தள்ளினார்.

"இனிமே அர்த்தம் தெரியாம ஒண்ணுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். படிங்க, சாமி."

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஐயா. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது!'"

கம்பெனியே சிரித்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

நயினார் தலையைச் சொறிந்தான். பெரியநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, கம்பியில் குத்தி வைக்கச் சொல்லிச் சண்முகவடிவிடம் நீட்டினார்.

அவள் கம்பியில் குத்தவில்லை. நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏம்மா, அது ஆபீஸ் ரெக்கார்டு!"

"இது எங்கிட்ட இருக்கட்டும், அண்ணாச்சி. 'இனி நடக்காது'ன்னு அவிய எழுத்துல குடுத்திருக்காவ..."

"அது உண்மையா பொய்யான்னு நான் சொல்ல மாட்டேன், தாயே! இனிமே எந்த லெட்டரைப் பத்தியும் சொல்ல மாட்டேன்!" என்று வேங்கடசுப்ரமணியன் அவசரமாகக் கும்பிட்டார்.

"நீங்க சொல்ல வேணாம் சாமி!"

நயினாரைப் பார்த்தாள். உள்துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பொய்யின்னா... வாலை நான் வெட்டிக்கிடுதேன்!"